கிளாகோமா வடிகால் அறுவையும் புண் ஆறுதலும்

கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியின்றி அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பு நசியும்; இதுவே கிளாகோமா. வெண்விழியின் ஓரத்தில் திறப்பு உண்டாக்கி, அந்நீரை மேலுள்ள மெல்லிய படலத்துக்கு அடியில் வடியவிடுவதே வடிகால் அறுவை. அங்கே எழும் சிறு மேட்டைக் கண் மருத்துவர்கள் 'பிளெப்' என்பார்கள். மேல் படலம் ஒட்டிக்கொள்ள வேண்டும், அடியில் உள்ள திறப்பு மூடக் கூடாது. உடலுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இந்த அறுவையின் வரலாற்றில் சென்னைக்குப் பெரிய இடமுண்டு. 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909இல் கருவிழியும் வெண்விழியும் சேரும் விளிம்பில் வட்ட வெட்டுக்கருவியால் துளையிடும் முறையைக் கையாண்டார். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத் துளைதான். 1913இல் இதைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. உலகின் பல நாடுகளில் 'எலியட் அறுவை' செய்யப்பட்டது. ஆனால் திறப்பு முழு ஆழமானது. நீர் மிகுதியாக வடிந்து கண் தளர்ந்தது, சிலருக்குப் புரை விழுந்தது. மேட்டின் தோல் காலப்போக்கில் மெலிந்து, பல ஆண்டுகள் கழித்தும் கிருமி உள்ளே புகுந்தது. வேறு சிலருக்கோ தழும்பு துளையை அடைத்தது.

1968இல் கேம்பிரிட்ஜின் கெய்ர்ன்ஸ், துளையை வெண்விழியின் மடலால் மூடித் தைக்கும் டிராபெகுலெக்டமியை விவரித்தார். நீர் கண்ணின் இயற்கைக் கால்வாய்க்குத் திரும்பும் என்பது அவரது எண்ணம். உண்மையில் வேலை செய்தது பிளெப்தான். வழிந்தோடும் ஆபத்து குறைந்தது, தழும்பு மட்டும் விடவில்லை. வெண்விழியைப் போர்த்திய டெனான் படலத்தின் நாரணுக்கள் காயத்துக்கு விரைந்து வந்து கொலாஜனை நெய்கின்றன. இளவயது, முன்பு நடந்த அறுவை, கண்ணழற்சி, நெடுநாள் விட்ட சொட்டு மருந்து ஆகியவை அந்த வேகத்தைக் கூட்டுகின்றன.

தழும்பைத் தடுக்கப் புற்றுநோய் மருந்துகளே கைகொடுத்தன. 1983இல் தைவானின் சென் மைட்டோமைசின்-சி பயன்படுத்தியதை வெளியிட்டார்; அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 5-ஃபுளூரோயுராசில் பற்றிய அறிக்கை வந்தது. மைட்டோமைசினில் தோய்த்த பஞ்சை ஓரிரு நிமிடம் வைத்துக் கழுவினால் போதும், நாரணுக்கள் பெருகா. அளவு மிகுந்தால் எலியட் காலத்து மெலிந்த மேடும் கசிவும் கிருமித் தொற்றும் திரும்ப வருகின்றன. தழும்பைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா புரதத்தைத் தடுக்கும் மருந்தும் பெரிய சோதனையில் தோற்றது; முடிவு 2007இல் வெளியானது.

எனவே அறுவைக்குப் பிந்தைய வாரங்களே விதியை முடிவுசெய்கின்றன: ஸ்டீராய்டு சொட்டு, தையலைத் தளர்த்துதல், தழும்பை ஊசியால் கீறிவிடுதல். நோயாளி ஊருக்குப் போய்த் திரும்பி வராவிட்டால் நல்ல கைத்திறனும் வீணாகும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

தழும்பு மூடிய கண்களுக்குக் குழாய் பொருத்துகிறார்கள். மதுரையின் அரோலேப் நிறுவனம் 2013இல் கொண்டுவந்த சாதனம் 350 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள தட்டை உடையது. இறக்குமதிக் குழாய்களைவிட மிகவும் மலிவு. அந்தத் தட்டைச் சுற்றியும் உடல் நாருறை கட்டுகிறது. உறை தடிக்கத் தடிக்க, வடியும் நீர் குறைகிறது.