பாய்பவனுக்கும் வலிக்கும்: ஒரு பகடை விதியின் வரலாறு

மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டிக் கதை வளர்க்கும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஓயாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு. 'என் வீரன் மாடத்திலிருந்து பகைவன் மீது குதிக்கிறான்' என்கிறார் ஓர் ஆட்டக்காரர். அடி யாருக்கு? எவ்வளவு? சிறிய கேள்விதான். ஆனால், வன்முறையின் விலையை யார் செலுத்துவது என்ற பழைய வழக்கே இதற்குள் இருக்கிறது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் தொடக்க ஆண்டுகளில், மேலிருந்து விழுந்து தாக்குவதையே தொழிலாகக் கொண்ட விலங்குகள் தோன்றின. 1977-இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் இடம்பெற்ற பியர்சர், குகைக் கூரையில் கல்விழுதுபோல் தொங்கிக் காத்திருந்து கீழே வருவோர் மீது விழும். விழுந்தபின் அதனால் மெதுவாக ஊர மட்டுமே முடியும். பாய்ச்சலுக்கு அது கொடுக்கும் விலை அது.

மனிதர் விழுவதற்கான கணக்கு 1978-இன் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' நூலில் நிலைபெற்றது: 10 அடிக்கு ஓர் அறுமுகப் பகடை, உச்சவரம்பு 20 பகடைகள். 1983-இல் 'டிராகன்' இதழ் வேறொரு கணக்கை முன்வைத்தது. முதல் 10 அடிக்கு ஒன்று, அடுத்த 10 அடிக்கு இரண்டு, அதற்கடுத்து மூன்று எனப் பகடைகள் கூடிக்கொண்டே போகும். அதன்படி 30 அடி வீழ்ச்சிக்கு மூன்றல்ல, ஆறு பகடைகள். 60 அடியிலேயே உச்சவரம்பு எட்டிவிடும். உயரத்தின் அச்சத்தை மீட்பதே அதன் பயன். எனினும், காற்றுத்தடையை ஒதுக்கிப் பார்த்தால், விழும் உடலின் இயக்க ஆற்றல் உயரத்திற்கு நேர்விகிதத்திலேயே வளர்கிறது. எளிய பழைய விதியே இயற்பியலுக்கு நெருக்கமானது. 2014-இன் ஐந்தாம் பதிப்பும் அதையே கைக்கொண்டது.

இவை விழுபவரின் கணக்கு மட்டுமே. கீழே நிற்பவரின் கணக்கை 2020-இல் வந்த 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' எழுதியது. கீழே இருப்பவர் சுறுசுறுப்புச் சோதனையில் 15 எடுக்கத் தவறினால், வீழ்ச்சியின் சேதம் இருவருக்கும் சரிபாதியாகும். விழுபவரைவிட இரண்டு அளவுநிலையேனும் பெரியவராக இல்லையெனில் அவர் நிலத்திலும் சாய்வார். அவர் விலகிவிட்டால் முழு வலியும் குதித்தவருக்கே.

இவ்விதியிலும் குறை உண்டு. யானை விழுந்தாலும் சிறுவன் விழுந்தாலும் பங்கு பாதியே. எடைக்கு அங்கே இடமில்லை. அந்த இடைவெளியை நடுவர்தான் நிரப்ப வேண்டும். ஆயினும் அதன் அடிப்படை தெளிவானது. பிறர் மேல் பாய்பவர் தம் உடலையும் பணயம் வைக்கிறார். அந்தப் பணயம் இல்லாத மேசையில் உயரம் வெறும் ஆயுதமாகும். வீரத்திற்கு அங்கே பொருள் இராது.