பிகானேரின் டி.எச்.9: புதுப்பித்தலில் எஞ்சுவதும் அழிவதும்

பழைய போர் விமானத்தைப் பறக்க வைப்பதும் பாதுகாப்பதும் ஒரே வேலை என்றே பலரும் எண்ணுகிறார்கள். இரண்டும் வேறு, பல நேரங்களில் ஒன்றுக்கொன்று எதிரானவை. ராஜஸ்தானின் பிகானேரில் எஞ்சிய டி.எச்.9 குண்டுவீச்சு விமானங்கள் இதற்குத் தெளிவான சான்று.

முதல் உலகப் போர் முடிந்ததும் தேவைக்கு மிஞ்சிய விமானங்களில் 100ஐ பிரிட்டன் இந்தியாவுக்கு ஒதுக்கியது. வெர்சாய் உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான பிகானேர் மன்னர் கங்கா சிங்கின் அரசுக்கும் சில டி.எச்.9கள் வந்தன. போரில் பேர் வாங்கிய விமானம் அல்ல அது. 300 குதிரைத்திறன் தரும் என்று நம்பிய பூமா இயந்திரம் 230தான் தந்தது. 1918 மே முதல் நவம்பர் வரை இரண்டே படைப்பிரிவுகளில் 54 விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. 94 விபத்தில் போயின. தோற்றுப்போன விமானத்தை யாரும் பேணிவைப்பதில்லை. பிகானேரில் அவை எஞ்சியதற்குக் காரணமும் பெருமிதம் அல்ல, மறதிதான்: அரண்மனையின் யானைக் கொட்டிலில் கேட்பாரற்றுக் கிடந்தன.

அங்கிருந்து கை பிளாக் என்ற ஆங்கிலேய மீட்பாளர் இரண்டை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். டி5649 என்ற எண்ணுள்ளது டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக நிற்கிறது. இ8894 புது மரத்தால் மறுபடி கட்டப்பட்டு, 2019 மே 13இல் வானேறியது. இன்னொன்று பிகானேரின் ஜூனாகர் கோட்டையிலேயே இருக்கிறது.

மரச்சட்டத்தின் மேல் லினன் துணி போர்த்தி, அதைச் சட்டத்தோடு தைத்து, டோப் என்ற பூச்சைப் பூசி இறுக்கிய உடல் டி.எச்.9க்கு. நூறாண்டு பழகிய மரத்தையும் பசையையும் நம்பி எந்தப் பொறியாளரும் பறக்க அனுமதி தரமாட்டார், தரவும் கூடாது. எனவே பறக்க வேண்டுமானால் பழைய மரம் போகும். அதோடு ஆய்வாளரின் முத்திரையும் பென்சில் கோடும் உளித்தடமும் போகும். டி5649ஐச் செய்தது வாரிங் அண்ட் கில்லோ என்ற மரச்சாமான் நிறுவனம். நாற்காலியும் அலமாரியும் செய்து பழகிய தச்சர்கள் இறக்கையின் மூட்டை எப்படிப் பொருத்தினார்கள் என்ற கேள்விக்கு வரைபடத்தில் விடை இருக்காது; அந்த மரத்தில்தான் இருக்கும். நம் கோயில் திருப்பணிகளில் மணல்வீச்சு கல்வெட்டுகளைத் தேய்த்ததை அறிந்தவர்களுக்கு இந்த இழப்பு புதிதல்ல.

பறக்கும் விமானமும் ஒன்றைக் கற்பிக்கிறது என்பது நேர்மையான மறுப்பு. அதன் ஓசையும் அதிர்வும் கண்ணாடிக் கூண்டுக்குள் கிடைக்காது. ஆனால் அந்த அறிவை வரைபடம் கொண்டு செய்த புதுப்பிரதியும் தந்துவிடும். அழிந்த பழைய மூட்டை எதனாலும் திரும்பத் தர முடியாது. ஆகவே, எஞ்சியது ஒன்றே என்றால் அதைப் பறக்க வைக்கக் கூடாது என்பதே என் முடிவு.

இந்த முடிவு சென்னை வானில் பறந்த ஒரு விமானத்துக்கும் பொருந்தும். இந்திய விமானப்படையின் முதல் படைப்பிரிவு 1933 ஏப்ரல் 1இல் கராச்சியில் நான்கு வாபிட்டி விமானங்களோடு தொடங்கியது. சிக்கனத்துக்காக, டி.எச்.9இன் மேம்பட்ட வடிவமான டி.எச்.9ஏயின் உதிரிப்பாகங்களைப் பயன்படுத்தி வடிவமைத்த விமானம் வாபிட்டி. அந்த வகையில் பிகானேர் விமானத்தின் உறவுக்காரன். இரண்டாம் உலகப் போரில் சென்னையின் கடலோரக் காவலுக்குப் பறந்தவற்றிலும் வாபிட்டிகள் இருந்தன. உலகிலேயே எஞ்சிய ஒரே வாபிட்டி இன்று டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

2012 விமானப்படை நாளில் ஹிண்டன் தளத்தில் பறந்த டைகர் மாத் என்ற பழைய பயிற்சி விமானம், இங்கிலாந்தில் புதுப்பிக்கப்பட்டு வந்தது. பாலத்து வாபிட்டிக்குச் செப்பம் தேவைப்படும் நாளிலும் அதேபோல் இங்கிலாந்துக்குப் போக வேண்டிய கட்டாயமில்லை. 1960களிலிருந்து பீரங்கி வண்டிகளைக் கட்டிவரும் ஆவடியிலும், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளிலும் நுட்பமான உலோகப் பொருத்துகளைக் கடைந்தெடுக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. பற்றாக்குறை பதிவு செய்யும் ஒழுங்கில்தான். எந்த ஆணியையும் கழற்றுமுன் அதன் இடத்தையும் முத்திரையையும் பூச்சின் அடுக்குகளையும் படமெடுத்து எழுதி வைக்க வேண்டும். மாற்றிய பாகத்தில் மாற்றிய ஆண்டைப் பொறிக்க வேண்டும்; கழற்றிய பாகத்தை அடையாளச் சீட்டோடு அந்த அருங்காட்சியகத்திலேயே வைக்க வேண்டும்.