டிராஃப்ட் வரிசை (கால்பந்து)

டிராஃப்ட் வரிசை என்பது, அணிகள் முறைவைத்து வீரர்களைத் தெரிவு செய்யும் டிராஃப்டில் ஒருவர் எத்தனையாவதாக அழைக்கப்பட்டார் என்பதைக் குறிக்கும் எண். இளம் வீரர்மீதான எதிர்பார்ப்பை முதலில் வகுப்பது இதுவே.

இம்முறை வேரூன்றியது அமெரிக்கக் கால்பந்தில். அதன் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். 1936இல் இதைத் தொடங்கியது. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கே முதல் தெரிவு. 2011 முதல் புதுமுக வீரரின் ஊதியமும் பெரும்பாலும் இந்த எண்ணைப் பொறுத்தே அமைகிறது. பெருந்தொகை கொடுத்து எடுத்தவரை அணி எளிதில் கைவிடாது. பின்னால் வந்தவருக்கோ சில ஆட்டங்களே அவகாசம். எனினும் 2000இல் 199ஆவதாகத் தெரிவான டாம் பிரேடி, அந்த லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றார்.

இம்முறை இந்தியக் கால்பந்துக்கும் வந்தது. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடர் 2014இல் உள்நாட்டு வீரர்களுக்கு டிராஃப்ட் நடத்தியது. 2017 ஜூலை 23 அன்று மும்பையில் நடந்த டிராஃப்டில் வீரர்களின் ஊதியம் முன்னரே குறிக்கப்பட்டிருந்ததால், வரிசை எண் பணத்தைவிட மதிப்பையே காட்டியது. ஜாம்ஷெட்பூர் அணி முதலில் எடுத்தது இளைஞரை அல்ல, 30 வயதுத் தடுப்பாட்டக்காரர் அனஸ் எடத்தொடிகாவை. அதே டிராஃப்டில் டெல்லி டைனமோஸ் எடுத்த சென்னை வீரர் நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்தார்.