உள்ளங்கையில் ஒரு வருகைப்பதிவு

1823ஆம் ஆண்டு பெல்லாரி கலெக்டர் ஏ.டி.கேம்பல் தம் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். காலை ஆறு மணிக்கே பள்ளி தொடங்கிவிடும் என்கிறது அந்த அறிக்கை. முதலில் வந்த பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். அது அவனுக்குப் பெருமை. இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழி: பாராட்டும் இல்லை, ஏச்சும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஒரு பிரம்படி, நான்காமவனுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வந்தவன் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிரம்பைக் கொண்டாட எதுவும் கிடையாது. ஆனால் அந்த வருகைப்பதிவு எந்த மேலதிகாரிக்கும் போகவில்லை. வகுப்பை நேரத்துக்குக் கூட்டுவது ஒன்றே அதன் வேலை. வேலை முடிந்ததும் கையோடு அழிந்துவிடும். ஆசிரியர்களுக்குப் பயன்படும் மொபைல் செயலிகள் எவை என்று இன்று பட்டியல் போடுகிறவர்கள் இந்த இருநூறு ஆண்டுக் கதையைப் பார்த்துவிட்டுப் போடலாம். ஒரு வகுப்பறைக் கருவி ஆசிரியருக்கு உதவுமா என்பதை அதிலுள்ள வசதிகளை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. அதில் ஏறும் தகவல் யாருக்காக ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

திண்ணைப் பள்ளி வாத்தியாரிடம் இருந்தவை மணல், ஓலை, எழுத்தாணி, எண்சுவடி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டாம்பிள்ளை. பல வயதுப் பிள்ளைகளை ஒரே ஆள் மேய்க்க வேண்டிய இடத்தில், கற்றவன் கல்லாதவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். வாத்தியாரால் பெரிய பிள்ளைகளிடம் கவனம் செலுத்த முடிந்தது. 1789இல் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், மலபார்ப் பள்ளி என்று அவர் குறிப்பிடும் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் மசியவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார், காரியம் நடந்தது. 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலால் இந்த முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். ஆனால் கப்பலேறிய கருவி அங்கே வேறு வேலைக்குப் போனது. ஒரே ஆசிரியரை வைத்து ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்றார் பெல்லின் போட்டியாளர் ஜோசப் லங்காஸ்டர். திண்ணையில் வாத்தியாரின் சுமையைக் குறைத்த சட்டாம்பிள்ளை, அங்கே ஆசிரியர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் வழியானான்.

வருகையேட்டுக்கும் இதே கதி நேர்ந்தது. 1862இல் இங்கிலாந்து கொண்டுவந்த திருத்திய விதிகளின்படி, பிள்ளையின் வருகையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஆய்வாளர் வைக்கும் தேர்வும் சேர்ந்து பள்ளியின் மானியத்தை முடிவுசெய்தன. அதே பத்தாண்டில் சென்னை மாகாணத்துக்கும் ‘பலனுக்கேற்ற மானியம்’ வந்து சேர்ந்தது. ஏட்டில் விழும் ஒவ்வொரு கோடும் காசு என்றான பிறகு, ஆசிரியர் பிள்ளையைப் பார்ப்பாரா, ஏட்டைப் பார்ப்பாரா? கவிஞர் மேத்யூ அர்னால்டு பள்ளி ஆய்வாளராகவே வேலை பார்த்துக்கொண்டு, இது கற்பித்தலை இயந்திரமாக்குகிறது என்று எதிர்த்து எழுதினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தே அதைக் கைவிட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மேலிடம் எண்ணாவிட்டால் விடுபட்டவர்கள் யார் கண்ணிலும் படமாட்டார்கள். கேம்பலின் அறிக்கையே கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்ட கணக்கெடுப்பின் ஒரு பகுதி. 1826இல் அதன் முடிவு வந்தது: 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள், அவர்களில் பெண்கள் வெறும் 4,540. திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கிப் பேசுகிறவர்கள் இந்தக் கடைசி எண்ணைச் சற்று நேரம் உற்றுப் பார்க்கட்டும். ஆனால் அன்று இந்தக் கணக்கைத் தயாரித்தவர்கள் கலெக்டர்கள். வகுப்பு நேரத்தில் தினமும் அதை நிரப்பும்படி வாத்தியாரை யாரும் கேட்கவில்லை. மேலே போகும் பதிவெல்லாம் வீண் என்பதும் என் வாதமல்ல. 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு பரவியபின் காலை வருகைக் கணக்கை வைத்துத்தான் உலையில் அரிசி விழுந்தது. பின்னாளில் முட்டையும் அப்படித்தான் எண்ணப்பட்டது. அந்த எண் சில மணி நேரத்தில் தட்டில் சோறாகப் பிள்ளையிடம் திரும்பி வந்தது. வகுப்புக்கே திரும்பி வரும் பதிவை எந்த ஆசிரியரும் சுமை என்று சொல்ல மாட்டார்.

இன்றைய செயலிகளையும் இப்படித்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். ‘பிளிக்கர்ஸ்’ என்ற செயலியில் ஃபோன் ஆசிரியர் கையில் மட்டும் இருந்தால் போதும். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை. அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்கள் என்பதுதான் விடை. கேமராவை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்னம் யாருக்குப் புரிந்தது, யார் விழிக்கிறார்கள் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். மறு நிமிடமே பாடத்தை மாற்றலாம். தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களில் அச்சான கியூஆர் குறியீடும் இந்த வகைதான்: வேண்டுமானால் ஆசிரியர் திறக்கலாம், வேண்டாவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிடலாம். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. திண்ணைப் பள்ளியும் வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்தே பிரித்தது. ஆனால் நிலையறியும் தேர்வின் விடைகளைப் பிள்ளைவாரியாகச் செயலியில் ஏற்றும்போது, கல்வித்துறையின் ‘எமிஸ்’ தகவல் தளத்தில் விவரங்களை நிரப்பும்போது, சிக்னல் இல்லாத பள்ளியில் வருகை ஏறவில்லையே என்று ஃபோனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடக்கும்போது, 1862இன் ஏடுதான் கண்ணாடித் திரைக்குள் திரும்பி வந்திருக்கிறது. ஒரு செயலிக்கு இரண்டு நிமிடம்தானே என்பார்கள். ஐந்தாறு செயலிகளின் நிமிடங்களைக் கூட்டினால் ஒரு பாடவேளையில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும்.

ஆகவே கல்வித்துறைக்கு ஒரு வேண்டுகோள்: புதிய செயலி ஒன்றைக் கொண்டுவரும்போது பழைய பதிவேடு ஒன்றை எடுத்துவிடுங்கள், ஆசிரியர் ஏற்றிய தகவல் அவர் வகுப்புக்கு எப்போது, எந்த வடிவில் திரும்பி வரும் என்பதையும் அந்தச் சுற்றறிக்கையிலேயே எழுதுங்கள்.