செருக்கும் ஆணவமும்

செருக்கினைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பல. அவற்றுள் 'அரகன்சு' என்பதன் வரலாறு சைவ நன்மக்கள் சிந்தித்தற்குரியது. அச்சொல் இலத்தீனிற் பிறந்து பிரஞ்சு வழியாக ஆங்கிலம் புக்கது. 'ரொகாரே' என்னும் இலத்தீன் வினைக்குக் கேட்டல் என்பது பொருள். அது முன்னொட்டுப் பெற்று 'அர்ரொகாரே' என்றாயவழித் 'தனக்கென உரிமை கோருதல்' எனப் பொருள் தந்தது. தனக்குரியதல்லாததைத் தனதென்று கொள்ளுதலே அச்சொல்லின் உட்கிடை. 1400-இல் மறைந்த ஆங்கிலப் புலவர் சாசர், தம் காண்டர்பரிக் கதைகளின் இறுதியிலுள்ள குருவின் உரையில் இதனைச் செருக்கின் கிளைகளுள் ஒன்றாக வைத்தார். தன்பால் இல்லாத நலங்களை உளவென்று எண்ணுவோனும், அவற்றைப் பெறுதற்குத் தானே தகுதியுடையேன் என்று கருதுவோனும் அக்குற்றம் உடையர் என்பது அவர் விளக்கம்.

வள்ளுவனாரும் துறவதிகாரத்துச் செருக்கு என்னுஞ் சொல்லை 'யான், எனது' என்னும் பற்றின்மேல் வைத்து ஆண்டார். எனினும் இவையெல்லாம் நோயின் குறிகளே. நோயின் வேரைச் சித்தாந்தம் ஆணவம் என்னும். அச்சொல் 'அணு' என்பதன் அடியாகப் பிறந்தது. வியாபகப் பொருளாகிய உயிரை அணுத்தன்மைப்படுத்திச் சிறுமையுறச் செய்வது ஆணவம். செம்பிற் களிம்புபோல அநாதியே உள்ளது. ஆங்கிலச் சொல் செருக்குடையான் மிகையாகக் கோருவதைக் காட்டும். நம் சொல்லோ அவன் குறைந்துபோவதைக் காட்டும். தன்னைப் பெரியனென மதிப்போன் அம்மதிப்பினாலேயே சிறியனாதலின், இரண்டும் ஒருவன் நிலையே என்க.

இவ்வுண்மை செங்கற்பட்டு நாட்டுக் கடற்கரையாகிய மாமல்லபுரத்தே கல்லிற் பொறிக்கப்பெற்றுள்ளது. ஆண்டுக் கணேச ரதம் என வழங்கும் ஒற்றைக் கற்றளியில் வடமொழிச் செய்யுட்கள் சில உள. அவற்றை ஹுல்ஷ் என்னும் அறிஞர் 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதற்றொகுதியில் வெளியிட்டார். இன்று விநாயகர் எழுந்தருளியிருப்பினும், கல்வெட்டு அக்கோயிலைச் சம்புவின் இல்லம் என்றே கூறும். அதனை எடுப்பித்தோன் அத்யந்தகாமன் என்னும் பட்டமுடைய பல்லவ வேந்தன். அவனைப் பரமேசுவரவர்மன் என்பாரும் இராசசிம்மன் என்பாரும் உளர்.

அத்யந்தகாமன் என்பது எல்லையற்ற விழைவினன் என்றும், ஸ்ரீநிதி என்பது திருவின் வைப்பு என்றும், ரணஜயன் என்பது போர் வென்றோன் என்றும் பொருள்படும். இப்பட்டங்களை மட்டும் நோக்குவார்க்கு இதுவன்றோ செருக்கு எனத் தோன்றும். ஆயினும், அக்கல்வெட்டின் ஒரு செய்யுள் ஓர் அரிய நயம் உடையது. எவன் பெருவிரலின் பாரம் கயிலையையும் பத்துமுகத்து அரக்கனையும் பாதலத்து அழுத்தப் போதியதாயிற்றோ, அப்பிறவா முதல்வனை ஸ்ரீநிதி தன் தலைமேல் தாங்குகின்றான் என்பது அதன் கருத்து.

அரக்கன் இறைவனை மலையோடு பெயர்த்தெறிய முயன்றான், தாழ்ந்தான். வேந்தன் அவ்விறைவனையே தலைமேல் ஏற்றான், உயர்ந்தான். பாரம் ஒன்றே, பெயர்க்க முனைந்தவனை அது நசுக்கிற்று, பணிந்து ஏற்றவனுக்கு முடியாயிற்று. அன்றியும், உருத்திரன் உறையாத உள்ளத்தார்க்கு அறுமடங்கு பழி கூறியே அக்கல்வெட்டு முடிகின்றது. அதில் அரசர்க்கு விலக்குக் கூறப்படவில்லை.

மல்லைக்கு அணித்தாகிய திருக்கழுக்குன்றத்தைப் பாடிய திருஞானசம்பந்தப் பிள்ளையார், தம் வழக்கம்போல் எட்டாம் பாட்டில் இவ்வரக்கனையே நினைப்பித்தார். அரக்கன் நெரிந்தபின் இசை பாடினான். இறைவன் அவனுக்கு வாளும் வாழ்நாளும் அருளினான். அழுத்திய விரலும் அருள் விரலே. அதனை மறக்கருணை என்பர் பெரியோர். செல்வம், கல்வி, பட்டம் இவற்றுள் யாதொன்றைத் தனதென்று கோரினும் அது பெயர்க்கவொண்ணாத மலையாய் நெரிக்கும். அவன் தந்தது என்று தலைமேற் கொள்வார்க்கோ அதுவே திருவடியாம்.