லைற் எஞ்சினிலிருந்து வீட்டுச் சுவர் வரை

எங்கள் ஊரில் ஜெனரேற்றர் முதலில் கோயிலுக்குத்தான் வந்தது. திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வாடகைக்குப் பிடிக்கும் லைற் எஞ்சின் அது. எஞ்சின்காரரே வயரும் கொண்டுவந்து பந்தல் காலில் சுற்றுவார், விடிந்ததும் கழற்றிக்கொண்டு போவார். வீட்டு வயரிங்கை அது தொட்டதேயில்லை. திருகோணமலை லிங்கநகரில் வயரிங் வேலை செய்து பிழைக்கும் நான், அந்த வயர் எப்போது, எந்த வழியாக வீட்டுக்குள் நுழைந்தது என்பதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

1990இல் யாழ்ப்பாணத்துக்குப் போன மின்வழி அறுந்தபின், அங்கே சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். திருகோணமலைப் பட்டினத்துக்கு அந்தளவு இருட்டு வரவில்லை. ஆனாலும் 1996இல் வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுவதும் நாளுக்கு எட்டு மணித்தியாலம் வரை மின்சாரத்தை வெட்டினார்கள். 2000 டிசம்பர் 26இல் சூறாவளி, நான்கு வருடம் கழித்து அதே திகதியில் சுனாமி. இவ்வளவும் பட்ட பிறகுதான் வசதியுள்ள வீடுகளின் பின்விறாந்தையில் சிறிய பெற்றோல் எஞ்சின்கள் நிலையாகக் குந்தின.

எஞ்சின் வந்தது, வயரிங் வரவில்லை. இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய ஒரு வயரை எஞ்சினிலும் சுவர் பிளக்கிலும் செருகினார்கள். வீடு முழுக்க வெளிச்சம். ஒரு முனை கழன்றால் 230 வோல்ட் வெறும் பித்தளைக் காலில் நிற்கும், பிள்ளைகள் ஓடித்திரியும் விறாந்தையில். அதைவிடப் பெரிய கேடு வெளியே இருந்தது. மெயின் சுவிச்சை அணைக்க மறந்தால் அந்த 230 வோல்ட் மீற்றர் வழியாகத் தெருவுக்குப் போகும். ட்ரான்ஸ்போமர் தலைகீழாகவும் வேலை செய்யும், 33,000 வோல்ட் லைனில் அந்த அளவுக்கே உயர்த்திவிடும். புயலுக்குப் பின் லைன் செத்துக் கிடக்கிறதென்று நம்பி போஸ்டில் ஏறுகிறவர் மின்சார சபைத் தொழிலாளி. அவருக்கும் வீட்டுக்காரருக்கும் அறிமுகமே இருக்காது. இந்த வயரை நான் எந்த வீட்டில் கண்டாலும் இன்றும் வெட்டித்தான் கொடுப்பேன். கோபித்தவர்களும் உண்டு.

அதற்குப் பதிலாக வந்தது சேஞ்ச் ஓவர் சுவிச். ஒரு பக்கம் மின்சார சபை, மறுபக்கம் எஞ்சின், நடுவில் ஓஃப். இரண்டும் ஒரே நேரத்தில் சேர அதன் கைபிடி விடாது. லைனை மட்டும் மாற்றினால் போதாது, நியூட்ரலையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய வீடுகளில் தேக்கஞ் சட்டத்தில் கிளிப் அடித்து இழுத்த 3/.029 வயர் கிடக்கும். அதில் எஞ்சின் சுமையை ஏற்ற மாட்டேன், 7/0.85 புதிதாக இழுப்பேன். கடற்காற்றில் இரும்புப் பைப் துருவேறிப் போகும் என்பதால் பி.வி.சி. கொண்டியூட்தான். எஞ்சினுக்குக் கிட்டே கடைசி முழம் மட்டும் வளையும் பைப். அதிர்வில் ஸ்க்ரூ தளருவதை அது தடுக்கும்.

ட்ரிப் சுவிச் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய ஜெனரேற்றர் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அப்படியானால் எர்த்துக்குக் கரண்ட் கசிந்தாலும் ட்ரிப் சுவிச் விழாது. சோதனைப் பட்டனை அழுத்தினால் மட்டும் விழும். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியென்று எஞ்சினை ஓட்டுகிறார்கள்.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் ஆனது. சேஞ்ச் ஓவர் போட்டுத் தரச் சொல்லி ஆட்கள் தேடி வந்தார்கள், ஆனால் எஞ்சினுக்கு ஊற்றப் பெற்றோல் இல்லை. சீனன்குடாவில் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. அவற்றில் 61ஐ இந்தியாவோடு சேர்ந்து புதுப்பிக்க அந்த ஜனவரியில்தான் ஒப்பந்தம் எழுதினார்கள். அந்தத் தாங்கிகளின் ஊரிலேயே நாங்கள் கானோடு வரிசையில் நின்றோம்.

இப்போது கூரைகளில் சோலார். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டபோது, நல்ல வெயிலில் தங்கள் சோலாரும் ஏன் நின்றதென்று பலர் கேட்டார்கள். லைன் செத்தால் இன்வேர்ட்டர் தானே நின்றுவிட வேண்டும், போஸ்டில் ஆள் இருப்பார் என்றேன். அப்படியென்றால் பற்றரி வைத்து அதற்கும் ஒரு சேஞ்ச் ஓவர் போடலாமா என்று ஒரு அக்கா கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.