ஏடிஸ் கொசு ஏன் மீண்டும் மீண்டும் கடிக்கிறது?

டிங்கி காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவில் இரண்டு வகை உண்டு. ஈப்போ போன்ற நகரங்களில் வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் வாழ்வது ஏடிஸ் ஈஜிப்தி. மர நிழலிலும் தோட்டப்புறங்களிலும் அதிகம் காணப்படுவது ஏடிஸ் அல்போபிக்டஸ். பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பால்வெட்டு நின்றுபோன இடங்களில் கைவிடப்பட்ட மங்குகளில் மழைநீர் தேங்கினால், இந்த இரண்டாவது வகை அங்கே முட்டையிடும்.

கடிப்பது பெண் கொசு மட்டுமே. பறக்கும் சக்தியைப் பூந்தேனிலிருந்தே அது பெறலாம். இரத்தம் முக்கியமாக முட்டைக்காகவே தேவைப்படுகிறது.

கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த முதல் சில நாட்களில், மூளைக்கு அருகிலுள்ள ஒரு சுரப்பி 'இளமை ஹார்மோனை' வெளியிடுகிறது. இது கொசுவின் கொழுப்புத் திசுவையும் சூலகத்தையும் தயார்ப்படுத்துகிறது. ஆனால் இரத்தம் குடிக்கும்வரை வேலை தொடங்காது. குடித்தவுடன் மூளையிலிருந்து வரும் ஹார்மோன் சூலகத்தைத் தூண்ட, சூலகம் எக்டைசோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அந்தக் கட்டளையைப் பெற்ற கொழுப்புத் திசு, விட்டலோஜெனின் என்ற புரதத்தை உற்பத்தி செய்து கொசுவின் குருதியில் கலக்கிறது. சூலகம் அதை உறிஞ்சி முட்டையின் மஞ்சள் கருவாகச் சேமிக்கிறது. உற்பத்தி சுமார் 24 மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு நின்றுவிடும். ஏறக்குறைய மூன்று நாளில் நூறு முட்டைகள் வரை தயாராகும்.

பெண் பூச்சியின் குருதியில் மட்டும் இத்தகைய புரதம் இருப்பதை 1954இல் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் டெல்ஃபர் ஒரு பட்டுப்பூச்சி இனத்தில் கண்டறிந்தார். ஏடிஸ் கொசுவில் அதன் உற்பத்தியைச் சூலகமே முடுக்கிவிடுகிறது என்பதை 1973இல் ஹேகடார்ன், ஃபாலன் ஆகியோர் காட்டினர்.

ஆபத்து இங்கேதான். அடுத்த முட்டைத் தொகுதிக்கு மறுபடியும் இரத்தம் வேண்டும். டிங்கி நோயாளியைக் கடித்த கொசுவின் உடலில் கிருமி பெருக 8 முதல் 12 நாட்கள் ஆகும். அதன்பின் முட்டைக்காக அது கடிக்கும் ஒவ்வொருவருக்கும் நோய் தொற்றலாம்.

இந்த ஹார்மோன் அறிவு மருந்தாகவும் பயன்படுகிறது. பைரிப்ராக்சிஃபென் என்பது இளமை ஹார்மோனைப் போலவே செயல்படும் பொருள். நீரில் இதைக் கலந்தால் கொசுப்புழு முழுக் கொசுவாக மாற முடியாது. குடிநீர்த் தொட்டிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். பலருக்கும் பழக்கமான அபேட் மருந்து வேறு விதமானது. அது புழுவின் நரம்பைத் தாக்குகிறது.

மருந்து இல்லாமலும் செய்யக்கூடியது உண்டு. முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை பூச்சட்டித் தட்டு, வாளி, பழைய டயர் ஆகியவற்றிலுள்ள நீரைக் கொட்டிவிட வேண்டும். ஏடிஸ் முட்டை உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவதும் அவசியம். பயன்படாத மங்குகளைக் கவிழ்த்து வைத்தால் அதில் மழைநீர் தேங்காது.